வெள்ளை நாகத்தின் சாதி

பளையிலும் அதனைச் சூழ்ந்த பச்சிலைப்பள்ளிப் பனங்காணிகளிலும் பாம்பு புதினமான பிராணி அல்ல. அதே கிளிநொச்சி மாவட்டத்தின் புளியம்பொக்கணையில் நாகதம்பிரானுக்குப் பொங்கலிட்டு வழிபடும் மக்கள், வெளிறிய நாகமொன்றைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவதில் வியப்பில்லை. ஆயினும் அந்த நிறத்துக்கு இலங்கையில் வேறொரு பொருளும் கற்பிக்கப்பட்டிருந்தது. 1816 முதல் 1820 வரை இங்கு இராணுவ வைத்தியராகக் கடமையாற்றிய ஜோன் டேவி, 1821இல் வெளிவந்த தமது நூலில், வெளிர்நிற நாகத்தை உயர்சாதி என்றும் கருநிற நாகத்தைத் தாழ்ந்த சாதி என்றும் சுதேசிகள் அழைத்ததைக் குறிப்பிட்டுள்ளார். மனிதரைப் பிரித்தது போதாதென்று பாம்பையும் பிரித்திருக்கிறோம்!

டேவி நஞ்சின் வேகத்தைக் கோழிகளைக் கொண்டு பரிசோதித்தவர். நிறம் எவ்வாறு வழிவழியாக வருகிறது என்பதை அறிய நஞ்சு உதவாது. பாம்பை வளர்த்து, இணைசேர்த்து, பேரப் பிள்ளைகள் வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை வாய்த்தவர் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துத் தோல் மருத்துவர் பேர்னாட் பெக்டெல்.

1953இல் வட கரோலினாவில் கருநிறமி அற்ற ஆண் சோளப்பாம்பு ஒன்று பிடிபட்டது. நஞ்சற்ற இனம். அதனைச் சாதாரண நிறப் பெண்பாம்புடன் இணைசேர்த்தபோது பிறந்த குட்டிகள் அனைத்தும் சாதாரண நிறமே. அந்த உடன்பிறப்புகளை இணைசேர்த்த பின்னரே, பாட்டனின் நிறம் பேரக்குட்டிகளில் மீண்டது. ஒடுங்கு மரபணு என்பது இதுதான். மெண்டல் பட்டாணியில் கண்ட கணக்கின்படி, இவ்வாறான இணையில் சராசரியாக நான்கில் ஒன்று அந்நிறம் பெறும். முடிவுகள் 1962இல் வெளியாயின. ஆக, வெளிறிய குட்டிக்கும் கறுத்த குட்டிக்கும் தாய் தந்தையர் அவர்களே. முட்டையிட்ட இடமும் ஒன்றே.

இணைசேர்த்துத்தான் பார்க்க வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். அடைகாக்கும் வெப்பநிலை பிசகினாலும் குட்டியின் கோலம் மாறிவிடும். அத்தகைய மாற்றம் அக்குட்டியோடு முடிந்துவிடும். மரபணுவால் வந்ததோ சந்ததியில் திரும்பும். பார்வையால் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

பெக்டெலின் முறையை வியாபாரிகள் விரைவில் பற்றிக்கொண்டனர். 1992இல் பொப் கிளார்க், ஆபிரிக்காவின் பந்து மலைப்பாம்பில் நிறமியின்மை பரம்பரையாக வருவதை நிறுவினார். அதன்பின் விலையே சாதியாயிற்று. சாதாரணமாகத் தோன்றும் குட்டியும், மறைந்த மரபணுவைச் சுமந்தால் கூடிய விலைக்குப் போனது. சிலந்திவலை போன்ற கோலத்துக்காகப் பெருக்கப்பட்ட 'ஸ்பைடர்' வகையின் கதை வேறு. அக்கோலத்தோடு தலை தள்ளாடும் நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது. ஒன்றை விட்டு மற்றதை எவராலும் பிரித்தெடுக்க முடியவில்லை.