டர்போவுக்கு முன்னாலயா, பின்னாலயா?

பாண்டி நண்பர் ஒருத்தர் தன் டர்போ காருக்கு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வாங்கிட்டு, எங்கே மாட்டுறதுன்னு கேட்டார். பழங்கதையில இருந்து ஆரம்பிக்கணும்.

1976ல வால்வோ காரில் போஷ் மாட்டின லாம்டா சென்சார், கலவையில பெட்ரோல் கூடவா குறைவான்னு மட்டும்தான் சொல்லும். எவ்வளவுன்னு சொல்ற போஷ் வைட்பேண்ட் வந்தது 1994ல. ஈயம் கலந்த பெட்ரோல்ல இந்த சென்சார்கள் செத்துடும். ஈயமில்லாதது சென்னைக்கு வந்ததே 1995ல, நாடு முழுக்க 2000லதான்!

சரி, இடம். டர்போவுக்கு முன்னால புகையோட அழுத்தம் ஜாஸ்தி. அழுத்தம் ஏறினா சென்சார் மிகைப்படுத்தும். பெட்ரோல் கொஞ்சம் கூடன்னா ரொம்பக் கூடன்னு காட்டும். அதை நம்பி பெட்ரோலைக் குறைச்சீங்கன்னா பிஸ்டன் உருகிடும் சாமி :-)

அதனால டர்போவுக்குப் பின்னாடி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னாடி, குழாயோட மேல்பக்கத்துல மாட்டணும். கீழ்ப்பக்கம்னா தேங்குற தண்ணி பட்டு, சூடான செராமிக் விரிசல் விட்டுடும்.