ஆபீஸ் லேப்டாப்பில் இது யார் போட்ட ரூல்?

மதுரை இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி பார்க்குகளில் வேலைக்குச் சேர்ந்திருக்கீங்களா? ஆபீஸ் லேப்டாப் பென்டிரைவை எடுக்க மாட்டேங்குது, வால்பேப்பரை மாத்த முடியலைன்னா, அது ரிப்பேரா இருக்கணும்னு இல்லை. 'குரூப் பாலிசி'யா இருக்கலாம். நெட்வொர்க்கில் இணைந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு அட்மின் ஒரே இடத்திலிருந்து போடும் விதிகள் இவை. முதலில் அந்தக் கம்ப்யூட்டருக்கான விதி, பிறகு சைட், டொமைன், கடைசியாக உங்கள் பிரிவு. ஒன்றோடொன்று முரண்பட்டால், பொதுவாகக் கடைசியில் வருவதே செல்லும்.

உங்களுக்கு எந்தெந்த பாலிசி பொருந்துகிறது எனப் பார்க்க, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஜிபிரிசல்ட்', ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், 'ஆர்' என ஆங்கிலத்தில் டைப் பண்ணுங்க. உங்க லாகினுக்கான பாலிசிகள் வரும்; கம்ப்யூட்டருக்கானதைப் பார்க்க அட்மின் அனுமதி வேணும். பெயரோடு கேட்டால் ஐ.டி டீமும் சீக்கிரம் பதில் சொல்லும்.

ஆனா, கண்காணிப்பு சாஃப்ட்வேர் இருக்கான்னு இந்தப் பட்டியல் சொல்லாது. பேங்க் லாகினும் பர்சனல் போட்டோவும் உங்க போனிலேயே இருக்கட்டும்!