மகவு கொள்ளத் தகுதி யாருக்கு?

பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் தரையிறங்கும் தாமிரபரணி, "நீ எவன் வயல்?" என்று கேட்டுப் பாய்வதில்லை. மனிதனோ, ஆதரவற்ற குழந்தையைக் கையில் எடுக்குமுன் ஓராயிரம் கேள்வி கேட்டிருக்கிறான். ஆணா பெண்ணா? என்ன குலம்? எடுப்பவள் சுமங்கலியா, கைம்பெண்ணா? எந்த மதம்? எத்தனை வயது? இந்தக் கேள்விகள் எப்போது பிறந்தன, எவை மாண்டன, எவை இன்றும் உயிரோடிருக்கின்றன என்று பார்த்தால், தத்தெடுத்தலின் வரலாறு நம் கண்முன் விரியும். மணம் முடிக்கப்போகும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

பழைய இந்துச் சட்டத்தில் தத்து எதற்காக? குழந்தைக்காக அல்ல, செத்தவனுக்காக! 'புத்' என்றொரு நரகம் உண்டாம். அதிலிருந்து தந்தையைக் கரையேற்றுகிறவன் புத்திரனாம். பிண்டம் போட ஆண் வேண்டும். ஆகவே பெண்ணைத் தத்தெடுக்க முடியாது. குலம் கெடக்கூடாது, ஆகவே அதே சாதிப் பிள்ளைதான் வேண்டும். தத்தெடுப்பவன் ஆண்மகன், மனைவி தனக்கென்று பிள்ளை எடுக்க இயலாது. மகள் மகனையும் உடன்பிறந்தாள் மகனையும் எடுக்கக்கூடாது என்றும் ஒரு தடை. 'சூத்திரர்' என்று இழித்துரைக்கப்பட்டோருக்கு இந்தத் தடையும் இல்லை, ஓமமும் தேவையில்லை. இழிவுப் பட்டத்திலும் ஒரு சிறு விடுதலை இருந்திருக்கிறது!

எல்லாவற்றிலும் கொடியது வேறொன்று. பிள்ளையைக் கொடுக்கும் உரிமை தந்தைக்கும் தாய்க்கும் மட்டுமே என்றது அந்தச் சட்டம். தாயும் தந்தையும் இறந்துபோன பிள்ளையை யார் கொடுப்பது? கொடுப்பாரில்லை, ஆகவே அநாதையைத் தத்தெடுக்கவே முடியாது. யாருமற்ற குழந்தைக்கு யாரும் பெற்றோராக முடியாது என்று கூறிய சட்டத்தைத்தான் நம் முன்னோர் தர்மம் என்று தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டனர்.

சொத்துள்ள இடத்தில் மட்டும் வழக்கு இலண்டன் வரை போயிற்று. நம் வட்டாரத்துக்கு அண்டையிலுள்ள இராமநாதபுரத்தில் சேதுபதி மறைந்தபின், அவர் துணைவியார் 1847இல் பிள்ளை எடுத்தார். கணவன் அனுமதியின்றிக் கைம்பெண் தத்தெடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. பிரிவி கவுன்சில் 1868இல் தீர்ப்பளித்தது: தென்னாட்டில் பங்காளிகளின் இசைவு இருந்தால் எடுக்கலாம். அரசியின் விருப்பம் போதவில்லை. பங்காளிகளின் தலையசைப்பு வேண்டியிருந்தது!

இன்னொரு முரணைக் காணுங்கள். இல்லறத்தான் மகளைத் தத்தெடுக்க முடியாத அதே நாட்டில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்டவள் மகளைத் தத்தெடுக்க வழக்கம் இடம் கொடுத்தது. 1888இல் சென்னை உயர்நீதிமன்றமும் அவ்வழக்கத்துக்கு ஏற்பளித்தது. அன்பு செலுத்தப் பெண்குழந்தை கூடாது. ஆடவும் அடிமைப்படவும் பெண்குழந்தை வேண்டும்! குற்றம் அந்தப் பெண்களுடையதன்று. முதுமையில் சோறு போட அவர்களுக்கு வேறு வழி வைக்காத சமுதாயத்தினுடையது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரின் இடையறாத போராட்டத்துக்குப் பிறகே, 1947இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று.

தாமிரபரணிக் கரையில் அந்தக் கொடுமையோடு நேரில் மோதியவர் அயர்லாந்தில் பிறந்த ஆமி கார்மைக்கேல். 1901 மார்ச்சில், கோயில் வாழ்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடிவந்து, பண்ணைவிளையில் அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பின்னர் மேற்கு மலையடிவாரத்து டோனாவூரில் வளர்ந்த பெரிய இல்லத்துக்கு அதுவே தொடக்கம். அவருடைய மதப் பணி நமக்கு உடன்பாடன்று. ஆனால் அவர் மணமாகாத பெண், அயல்நாட்டார், சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தைகளுக்கு யாருமில்லாதவர் என்பதை நாம் மறக்கலாகாது. 1911இல் ஒரு சிறுமியைக் குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுக்க நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளை நிறைவேறுமுன் சிறுமி மறைந்தாள். இலங்கை வழியாகச் சீனம் வரை கொண்டு செல்லப்பட்டாள். வளர்ப்பவருக்குச் சட்டத்தில் இடமில்லாதபோது, அன்பும் ஒளிந்து ஓட வேண்டியிருக்கிறது. ஒளிந்து ஓடும் வழி ஒன்று திறந்துவிட்டாலோ, அதில் அன்பு மட்டுமா போகும்? கயவரும் போவர். பின்னால் அதையும் கண்டோம்.

1956இல் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் வந்தது. பெண்குழந்தையைத் தத்தெடுக்கலாம், சாதித் தடை இல்லை, கைம்பெண்ணும் மணமாகாதவளும் எடுக்கலாம். கணவனோடு வாழ்பவளுக்கு மட்டும் தன் பெயரில் எடுக்கும் உரிமை இல்லை! அந்தக் குறை நீங்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெற்றோர் இன்னாரென்றே தெரியாத, குப்பைத்தொட்டியில் கிடந்தெடுத்த குழந்தைக்கு 1962ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டது. பல நூற்றாண்டுகளாக மூடிக்கிடந்த கதவு அது.

ஆனால் அந்தக் கதவு இந்துக்களுக்கு மட்டுமே. பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் வாழும் கிறிஸ்தவரும், மேலப்பாளையத்து முசுலிமும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி காப்பாளராக மட்டுமே ஆக முடிந்தது. பிள்ளை சட்டப்படி உரிய வயதை எட்டினால் அந்த உறவும் சட்டத்தில் முடிந்தது. அயல்நாட்டுத் தம்பதியரும் இதே சட்டத்தின்கீழ்க் காப்பாளராகிக் குழந்தையை அழைத்துச் சென்று, தம் நாட்டில் தத்தாக்கிக்கொண்டனர். எல்லோருக்கும் பொதுவான தத்துச் சட்ட முன்வரைவு 1972இல் வந்தது; 1978இல் திரும்பப் பெறப்பட்டது. 1980இல் மீண்டும் வந்தது, நிறைவேறவில்லை. மதவாதிகளின் முணுமுணுப்பு குழந்தையின் அழுகையைவிட உரக்கக் கேட்டது! 2000ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் 2006ஆம் ஆண்டு அதன் திருத்தமுமே எம்மதத்தாரும் பெற்றோராக வழி செய்தன. தனி மதச் சட்டம் இதற்குக் குறுக்கே நிற்க முடியாதென்று உச்சநீதிமன்றம் 2014இல் உறுதி செய்தது.

கடல் கடந்த தத்தின் கதை என்ன? குழந்தைகள் அயல்நாட்டுக்கு விலைபோகின்றனர் என்று இலட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் எழுதிய மடலையே உச்சநீதிமன்றம் வழக்காக ஏற்று, 1984இல் நெறிமுறை வகுத்தது: முதலில் உள்நாட்டில் இல்லம் தேடுக, அயல்நாட்டார் தம் நாட்டில் ஏற்கப்பட்ட நிறுவனம் வழியாகவே வருக. 1990இல் மத்திய தத்தெடுப்பு அமைப்பு பிறந்தது; 2003இல் இந்தியா ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. அதற்குப் பிறகும், 2005இல் சென்னையில், ஏழைகளின் குடிசைகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் தத்தென்ற பெயரில் கப்பலேறாத குறையாக வானேறிச் சென்ற செய்தி வெளிப்பட்டது. தெருவில் நின்று கதறிய தாய்மாரே விதிகளைக் கடுமையாக்கிய உண்மையான சட்டமன்றம்.

விதி கடுமையாகும்போது காத்திருப்போர் குமுறுகின்றனர். 2007 மே முதல் சீனம் தனித்தவரை விலக்கியது. ஐம்பது வயது கடந்தோரையும் மிகுந்த பருமனுடையோரையும் விலக்கியது. 2024இல், உறவினர் நீங்கலாக, அயல்நாட்டுத் தத்தையே நிறுத்திவிட்டது. இன்ன பிள்ளை உனக்கென்று முன்பே சொல்லப்பட்டுத் தொட்டில் வாங்கிவைத்தோரும் கைவிடப்பட்டனர். இங்கும் 2022ஆம் ஆண்டு விதிகள் மாறின. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை எடுக்கத் தம்பதியர் வயதின் கூட்டுத்தொகை 90இலிருந்து 85 ஆயிற்று. தனித்தவருக்கு 45 என்பது 40 ஆயிற்று. மூன்று பிள்ளை உடையோருக்கிருந்த தடை, இரண்டு பிள்ளை உடையோருக்கும் விரிந்தது. சிறப்புக் கவனம் வேண்டும் பிள்ளைகளையும் எளிதில் இல்லம் கிடைக்காத பிள்ளைகளையும் மட்டும் அவர்கள் எடுக்கலாம். "நாங்கள் விண்ணப்பித்தபோது விதி வேறல்லவா?" என்று ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்றோர் வழக்காடினர். இன்ன பிள்ளையைத் தா என்று கேட்பது அடிப்படை உரிமையன்று என்று 2024 பிப்ரவரியில் டில்லி உயர்நீதிமன்றம் அவர்களுக்கு மறுமொழி கூறிற்று.

நாம் எப்பக்கம் நிற்பது? தீர்ப்பின் உட்பொருள் சரியே. பிள்ளை, கேட்டவர்க்குக் கொடுக்கும் பண்டமன்று; குழந்தைக்கு வீடு தேடுகிறோம், வீட்டுக்குக் குழந்தை தேடவில்லை. ஆயினும் ஏக்கத்தோடு நின்றவர்களை வரிசையின் நடுவில் திருப்பியனுப்புவதும் நேர்மையன்று. புதிய விதி புதிதாய் வருவோர்க்கு என்றிருந்தால் யாருக்கு என்ன இழப்பு? மணமாகாத இணையர் சேர்ந்து தத்தெடுக்க விடாத விதியை 2023இல் உச்சநீதிமன்றத்தின் ஐவரில் மூவர் நிலைநிறுத்தினர், இருவர் மறுத்தனர். ஒவ்வொரு விதியையும் ஒரே உரைகல்லில் உரைப்போம்: இது குழந்தையைக் காக்கிறதா, அல்லது பெரியவர்களின் பழைய அச்சத்தைக் காக்கிறதா?

ஏட்டில் சாதி போயிற்று, நெஞ்சில் போயிற்றா? பிள்ளையில்லாதவளை 'மலடி' என்று ஒதுக்கி, அரசமரத்தைச் சுற்றவிட்டு, கோயில் மரத்தில் தொட்டில் கட்டவைக்கும் ஊர்கள் இன்னும் நம் ஆற்றங்கரையில் உண்டு. தத்தெடுக்க முன்வந்தாலும், "நம்மாட்கள் பிள்ளையா? சிவப்பா இருக்குமா? பச்சைக் குழந்தையா?" என்ற கேள்விகள். கால் ஊனமுற்ற பிள்ளையும் ஏழெட்டு வயதுப் பிள்ளையும் இங்கே வேண்டுவாரின்றிப் போக, அவர்களுள் பலரை அயல்நாட்டார் ஏற்றுக்கொள்கின்றனர். சட்டம் எழுதிவைத்த தகுதிகளைப் பற்றிக் குமுறும் நாம், நாமே எழுதிவைத்த இந்தத் தகுதிகளை எப்போது கிழிக்கப் போகிறோம்?

இளைஞர்களே! பிண்டம் போடப் பிள்ளை வேண்டுமென்ற காலம் மலையேறட்டும். நரகமும் இல்லை, அதிலிருந்து கரையேற்றப் புத்திரனும் தேவையில்லை. ஆனால் கரையேற்ற வேண்டிய குழந்தைகள் காப்பகங்களில் இருக்கிறார்கள். நாளை உங்கள் வீட்டில் இப்பேச்சு எழும்போது, சாதி கேட்கும் வாயை முதலில் அடையுங்கள். பிறகு விண்ணப்பத்தை எழுதுங்கள்.