கடுகிலும் சிறிய விமானம்



1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11ஆம் நாள். பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரத்திற்கு மேலே விமானங்கள் அணிவகுத்து வந்தன. ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. கடை வாசலுக்கும் நடுரோட்டுக்கும் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். 'நம்ம வெள்ளைக்காரன் கப்பல்தான் போகுது' என்று எண்ணியவர்களும் உண்டு. சற்று நேரத்தில் குண்டுகள் விழுந்தன. வேடிக்கை பார்த்து நின்றவர்களில் பலர் நின்ற இடத்திலேயே மாண்டார்கள். ஜப்பான்காரன் காலத்துக் கதையாகப் பாட்டன் பாட்டி வாயிலாக இதைக் கேட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

வானத்தில் போவது யாருடைய கப்பல், என்ன கப்பல் என்று இனங்காண்பது பொழுதுபோக்குக் காரியமல்ல. அதே யுத்த காலத்தில் இங்கிலாந்தில் இதை ஒரு தொழிலாகவே செய்த பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் வானத்தைப் பார்த்து அல்ல, மேஜைமேல் கிடந்த புகைப்படங்களைப் பார்த்தே விமானங்களை அடையாளம் கண்டார்.

அவர் பெயர் கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித். 1912இல் பிறந்தவர். யுத்தத்திற்கு முன் லண்டனில் ஒரு தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர். விமானங்கள் மீது இருந்த ஆசையால் ஒரு விமானப் பத்திரிகைக்கும் எழுதி வந்தார். யுத்தம் வந்ததும் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். தேம்ஸ் நதிக்கரையில் மெட்மனம் என்னும் ஊரில் ஒரு பெரிய மாளிகையில் படங்களை ஆராயும் நிலையம் இருந்தது. எதிரி விமானங்களை மட்டும் கவனிக்கும் பகுதிக்கு அவரே தலைவி.

வேவு விமானங்கள் துப்பாக்கி எதுவும் இல்லாமல், மிக உயரத்தில் பறந்து ஜெர்மனியைப் படம் பிடித்து வரும். அப்படங்களில் விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா லென்சின் குவியத் தூரம் 36 அங்குலம், அதாவது 3 அடி என்று வைத்துக்கொள்வோம். பறந்த உயரம் 30,000 அடி. மூன்றால் வகுத்தால் 10,000. ஆகவே தரையில் உள்ள பொருள் படத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்காகத்தான் விழும். 100 அடி இறக்கை கொண்ட பெரிய விமானம் 3 மில்லிமீட்டர், ஏறக்குறைய அரை அரிசி. 20 அடி இறக்கை என்றால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கடுகு கூட அதைவிடப் பெரிது!

இந்தப் புள்ளியைப் பூதக்கண்ணாடியில் வைத்து அளந்தார்கள். ஒரே இடத்தை அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கட்டடமும் மரமும் எழும்பி நிற்கும். நிழலும் உதவியது. மேலிருந்து பார்க்கத் தெரியாத வாலின் உயரம் நிழலில் தெரியும். இறக்கை நேராக இருக்கிறதா, பின்னால் சாய்ந்திருக்கிறதா, இயந்திரம் எங்கே மாட்டியிருக்கிறது, எல்லாம் குறித்துக்கொள்வார்கள். ஆனால், தெரியாததைக் கண்டுபிடிக்க முதலில் தெரிந்தது எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். தினமும் பால் வெட்டுகிறவருக்குத் தம் நிரையில் ஒரு மரம் பட்டை மாறினாலும் கண்ணில் படுகிறதே, அந்த மாதிரிதான்.

ஜெர்மனியின் வடக்குக் கடலோரத்தில் பீனமுண்டே என்று ஓர் இடம். 1942 மே 15ஆம் நாள் அவ்வழியே போன ஒரு வேவு விமானம் அதைத் தற்செயலாகப் படம் பிடித்தது. வட்ட வட்டமாக மண்மேடுகள். என்னவென்று யாருக்கும் புரியவில்லை. படம் கட்டுக்குள் போயிற்று. 1943 ஜூனில் எடுத்த தெளிவான படங்களில் பாபிங்டன் ஸ்மித் நான்கு சின்ன விமானங்களைக் கண்டார். சாதாரண விமானத்திற்குப் பின்னால் இருக்கும் குறுக்கு வால் அவற்றில் இல்லை. இறக்கை சுமார் 30 அடி. பெயர் தெரியாததால் 'பீனமுண்டே 30' என்றே பெயரிட்டார். பிற்பாடு தெரிந்தது, அதுதான் மெஸ்ஸர்ஷ்மிட் 163 என்னும் ராக்கெட் விமானம்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 17 இரவு, ஏறத்தாழ 600 பிரிட்டிஷ் விமானங்கள் பீனமுண்டேயைத் தாக்கின. இலக்கு காட்டும் விளக்குகளில் சில தவறிப் போய் ஒரு தொழிலாளர் முகாமின் பக்கம் விழுந்தன. போலந்து முதலிய நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட தொழிலாளிகள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள். வேலைத்தளத்தைப் பற்றிய இரகசியச் செய்தியை வெளியே அனுப்பியவர்களிலும் அப்படிப் பிடித்து வரப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதுதான் கொடுமை. படத்தில் கொட்டகை தெரியும். உள்ளே படுத்திருப்பவன் யார் என்று எந்தப் பூதக்கண்ணாடியிலும் தெரியாது. சயாம் ரயில் போட ஆள் பிடித்துக்கொண்டு போனதை அறிந்த நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நவம்பர் 13ஆம் நாள் புதிய கட்டளை வந்தது: 'மிகச் சிறிய விமானம், விமானி இல்லாமல் பறக்கக் கூடியது, அப்படி ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.' புதிய படங்களுக்குக் காத்திராமல் அவர் பழைய கட்டுகளை அவிழ்த்தார். முன்பு பார்த்து முடித்த அதே ஜூன் மாதப் படம். கொட்டகைகளுக்குச் சற்றுப் பின்னால், ஒரு சிறு அடைப்பின் மூலையில், வெள்ளையாக ஒரு குட்டிச் சிலுவை. அளந்தால் சுமார் 20 அடி. ஐந்து மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது! தாம் கவனிக்காமல் விட்டதைத் தாமே தேடிப் பிடித்தாரே, கதை முழுவதிலும் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

விமானம் கிடைத்தது. எங்கிருந்து கிளம்பும்? கடலோரத்தில் சாய்வாக ஒரு மேடை பழைய படங்களில் இருந்தது. மண் வாரும் வேலைக்கான சாதனம் என்று முன்பு முடிவு கட்டியிருந்தார்கள். நவம்பர் 28ஆம் நாள் மெரிஃபீல்ட் என்னும் விமானி பெர்லினைப் படம் பிடிக்கப் போனார். அங்கே மேகம் மூடியிருந்ததால், கடலோரப் பக்கம் திரும்பி அங்குள்ள இடங்களை எடுத்து வந்தார். அப்படத்தில் அதே சாய்வு மேடைமேல் அதே குட்டிச் சிலுவை, மூக்கைக் கடல் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. பிரான்ஸ் நாட்டின் வடபகுதியில் ஜெர்மானியர் ரகசியமாகக் கட்டிய தளங்களிலும் இதே மாதிரி மேடைக்கு இடம் விட்டிருந்தார்கள். அவை லண்டனை நோக்கி இருந்தன. இரண்டும் பொருந்திவிட்டன. டிசம்பர் மாதமே அத்தளங்கள் மீது குண்டு வீசத் தொடங்கினார்கள்.

ஆபத்து அடியோடு நீங்கவில்லை. ஜெர்மானியர் சிறிய தளங்களை வேறிடங்களில் அமைத்துக்கொண்டார்கள். வி-1 என்று பெயர் பெற்ற அந்தப் பறக்கும் குண்டுகளால் பிரிட்டனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் முதல் குண்டு வந்தபோது, காவல் இருந்தவர்கள் பினாங்கு மக்களைப் போல ஒன்றும் அறியாமல் நிற்கவில்லை. 1944 ஜூன் 13, விடியற்காலை நாலு மணி தாண்டிய நேரம். டிம்சர்ச் என்ற கடலோர ஊரில் பழைய கோட்டைக் கோபுரத்தின் உச்சியில் இரண்டு பேர் காவல் இருந்தார்கள். வாலில் நெருப்புடன், தடதடவென்ற சத்தத்துடன் ஏதோ ஒன்று கடல் மேலே வந்தது. அதற்கு முன் யாரும் கண்ணால் பார்த்திராத கப்பல். இருந்தாலும் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டெலிபோனை எடுத்து, முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த ரகசியச் சொல்லைக் கூவினார்கள்: "டைவர்! டைவர்!"