துவர்ப்பின் வழித்தடம்

சிவப்பு ஒயினைப் பற்றி எழுதத் தொடங்கும் தமிழனுக்கு ஒரு வசதி உண்டு. மேல்நாட்டார் 'டானின்' என்று வேதிப்பெயரால் சுட்டுகிற, நாக்கைச் சுருக்கி ஈறில் ஒட்டிக்கொள்ளும் குணத்தை நாம் அறுசுவைக்குள் வைத்துத் துவர்ப்பு என்று பெயரிட்டிருக்கிறோம். குலசேகரன்பட்டினத்துத் தேரிக்காட்டில் நாவற்பழமும் நுங்கின் தோலும் தின்று வளர்ந்தவனுக்கு இதற்கென்று தனிப் பயிற்சி தேவையில்லை.

வேலை நிமித்தம் பல ஊர்களில் தங்க நேர்ந்த ஆண்டுகளில், புட்டி ஆயிரம் ரூபாயைத் தாண்டாத சிவப்பு ஒயின்களை மட்டும் குடித்து, ஒரு நோட்டில் குறிப்பெழுதி வந்தேன். விலையுயர்ந்தவற்றைப் பற்றி எழுத வல்லுநர்கள் இருக்கிறார்கள்; எனக்கு அவற்றில் வேலையில்லை. கடந்த மாதம் ஊருக்கு வந்தபோது நோட்டைப் புரட்டினேன். அதிலிருந்து கிளைத்ததே இக்கட்டுரை. சுவைக்குறிப்பாகத் தொடங்கியது வரலாற்றுக்குள் போய்விட்டதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் கடற்கரைக்குத் திராட்சை மது புதியதன்று. தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் இருந்த கொற்கை பாண்டியரின் துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' அதைக் 'கொல்கொய்' என்றழைத்து முத்துக்குளிப்பைச் சொல்கிறது. மேற்குக்கரை முசிறிக்கு வந்திறங்கிய சரக்குகளில் ஒயினையும் சேர்க்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகையில், யவனர் கலத்தில் கொண்டுவந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஊட்ட இனிதிருப்பாயாக என்கிறார். தேறல் என்பது தெளிந்தது. கள்ளைப் போல நுரைத்துக் கலங்கி நிற்காமல், வண்டல் அடியில் தங்கித் தெளிந்த மது. சொல்லிலேயே ஒரு சுவைக்குறிப்பு இருக்கிறது.

அந்தத் தேறல் எப்படி இருந்திருக்கும்? 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது கிடைத்த மதுச்சாடிகளின் உடைசல்களில் கிரேக்கத் தீவான கோஸின் வகையைச் சேர்ந்தவை உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். ரோமானியரான கேட்டோ அதைப் போலி செய்வதற்கான முறையையே எழுதி வைத்திருக்கிறார். சாடிகளின் உட்புறம் கசியாதிருக்கப் பிசின் பூசுவார்கள். ஆக உப்பும் பிசினும் கலந்த, பல மாதக் கப்பல் வெயிலில் வெந்த ஒரு திரவம். இன்றைய ஒயின் வல்லுநர் அதை முகர்ந்ததுமே கீழே ஊற்றிவிடுவார் என்று நினைக்கிறேன். (இந்தியத் தளங்களில் ரோமானியச் சாடி என்று எண்ணப்பட்ட துண்டுகளில் பல, மறு ஆய்வில் மெசபொடோமியப் பகுதிச் சாடிகளாகத் தெரியவந்திருப்பதையும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் ரோமாபுரிக்கு எழுதிக்கொடுக்கும் அவசரம் நமக்கு இருந்திருக்கிறது.)

பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு வருவோம். எங்கள் ஊர் தாங்கி நிற்கும் பெயருக்குரியவனாகக் கருதப்படும் மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268 முதல் ஏறத்தாழ நாற்பதாண்டு ஆண்டவன். அவன் காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டினர் பெரும்பாலும் மது அருந்துவதில்லை என்றும், குடிப்பவனைச் சாட்சியாக ஏற்பதில்லை என்றும் எழுதுகிறார். கடலோடியையும் சாட்சிக்கு ஏற்பதில்லையாம். கடலால் செழித்த நாடு கடலோடியை நம்பவில்லை என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

எங்களுக்குத் தெற்கே சில கல் தொலைவில் மணப்பாடு. 1540களில் புனித சவேரியார் அங்கே தங்கியிருந்தார். பூசைக்குத் திராட்சை இரசம் இன்றியமையாதது. அது கடல் கடந்து வந்தாக வேண்டும். அதே சவேரியார் 1544இல் மன்சில்லாசுக்கு எழுதிய கடிதமொன்றில், சாராயம் குடிக்கும் பெண்களுக்கு ஒரு பணம் அபராதமும் மூன்று நாள் காவலும் விதிக்கச் சொல்கிறார். வந்த மது பீடத்தில் ஏறியது, உள்ளூர் மது காவலுக்குப் போனது. இந்த வரிசை அதன்பிறகு மாறவேயில்லை.

இனி நோட்டிலிருந்து. நாசிக் ஷிராஸ்: முதல் வாயில் மிளகு, பிறகு அரைப்பழமான நாவல், காரமான மீன்குழம்போடு சண்டையிடாது. சோலாப்பூர்ப் பக்கத்துச் சாஞ்சியோவேசே: புளிப்பு முந்திக்கொள்ளும், துவர்ப்பு மெலிந்தது, வறுத்த நெத்திலிக்கு ஏற்றது. நந்தி மலைக் கபர்னே: இங்கேதான் சுவை நின்றது. 1980களின் இறுதியில் பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகள் அங்கே வேரூன்றின. குடித்து முடித்த பின்னும் மாதுளைத் தோலைக் கடித்தாற்போல் ஒரு துவர்ப்பு. அதன் அடியில் மெல்லிய புகை. அந்தப் புகை எங்கோ பழகியதாக இருந்தது. இரண்டாம் நாள்தான் பிடிபட்டது: பதனீர் காய்ச்சும் விடிலியின் புகை. கோவாவின் 'போர்ட்': சர்க்கரைப் பாகு; அதைப் பாகு என்று தெரிந்துகொண்டே விரும்பலாம். கம்பம் பன்னீர்த் திராட்சையில் மணப்பாட்டு நண்பரின் தாயார் கிறிஸ்துமசுக்குப் போட்டது: ரோஜா மணம், துவர்ப்பு அறவே இல்லை, குழந்தைத்தனமான இனிப்பு. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்கிறார்கள். உண்பதற்கான பழம் அது. மதுவுக்குரிய முதுமையை அதனிடம் கேட்பது முறையன்று.

இத்தனை ஊர்களையும் எழுதியவன் தன் ஊருக்கு என்ன எழுதினான் என்று கேட்கலாம். பனம்பாளையில் வடிவதும் ஒயினே. ஒரே இரவில் விளைந்துவிடுகிற ஒயின். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதி எழாது, அது பதனீர். தடவாவிட்டால் விடிவதற்குள் கள். மறுநாளே புளித்துக் காடியாகிவிடும். அதனால் அதற்குச் சாடியில்லை, கப்பலில்லை, பெரிப்ளூஸில் இடமில்லை. பயணம் போனது கருப்பட்டி மட்டுமே. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரி கம்பெனியார் இங்கே ஆலை வைத்துப் பனஞ்சர்க்கரை எடுத்தார்கள். அதற்காகவே இரண்டடி அகல இருப்புப்பாதை போட்டார்கள். 1940இல் அதுவும் நின்றது. இன்று சிலருக்கு மட்டுமே அதன் தடம் தெரியும்.

கள் இறக்குவது தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. நாசிக் புட்டியை அரசுக் கடையில் வாங்கலாம். என் தாத்தா ஏறிய மரத்தின் சாற்றை, சுண்ணாம்பின்றி, நான் வாங்க முடியாது. குடியால் அழிந்த வீடுகளை நானும் பார்த்தவன். அவற்றில் பல கள்ளால் அல்ல, கடைப் புட்டியால் அழிந்தவை. தாத்தாவிடம் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சுவைக்குறிப்பு இருந்தது. உப்பளத்தோரத்து மரம் கரிக்கும், தேரி மரம் தித்திக்கும், கிழமரம் சற்றே துவர்க்கும் என்பார். அவர் எழுதி வைக்கவில்லை. நான் கேட்டு எழுதவுமில்லை. அப்போது எனக்குப் போர்டோவின் வட்டாரங்களை மனப்பாடம் செய்யும் ஆசை இருந்தது.

நோட்டில் 'குலசை' என்று தலைப்பிட்ட பக்கத்தில் இப்போது ஒரே ஒரு குறிப்பு இருக்கிறது. இந்தச் சித்திரையில், உடன்குடிச் சாலையோரம், பனையோலைப் பட்டையில் குடித்த பதனீர்: முதலில் இனிப்பு, பிறகு சுண்ணாம்பு, கடைசியில் பச்சையோலையின் துவர்ப்பு. எந்த மரம் என்று கேட்டேன். ஊற்றிக்கொடுத்தவருக்குத் தெரியவில்லை, பல மரத்துச் சாறு ஒரே குடத்தில் கலந்திருந்தது.