மின்னஞ்சல் உறுதிப்பாடு

மின்னஞ்சல் உறுதிப்பாடு என்பது, ஒரு மின்னஞ்சல் அதில் காட்டப்படும் ஆள்களப் பெயரின் உரிமையாளருடைய இசைவுடன்தான் அனுப்பப்பட்டதா என்பதைப் பெறுநரின் வழங்கி சரிபார்க்கும் முறைகளின் தொகுப்பு ஆகும். எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம், டிமார்க் ஆகிய மூன்றும் இவற்றுள் முதன்மையானவை. இவை போலி மின்னஞ்சல்களைத் தடுக்கப் பயன்படுகின்றன. இவற்றை முறையாக அமைக்காவிடின் நேர்மையான மடல்களும் எரிதப் (ஸ்பேம்) பெட்டிக்குச் சென்றுவிடக்கூடும். எனினும் இம்முறைகள் அனுப்பும் ஆள்களத்தின் பெயரை மட்டுமே உறுதி செய்கின்றன. அனுப்புபவரின் நோக்கத்தை அல்ல.

பின்னணி

மின்னஞ்சலை அனுப்பப் பயன்படும் எஸ்.எம்.டி.பி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி 821 என்னும் ஆவணத்தில் வரையறுத்தார். அக்காலத்தில் வலையமைப்பில் இருந்தவை பெரும்பாலும் ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களுமே. ஆதலால் அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இடம்பெறவில்லை.

இதனை அஞ்சல் கடிதத்துடன் ஒப்பிடலாம். புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவிலில் அஞ்சலிடப்படும் கடிதத்தின் உறைமீது, அனுப்புநர் என்ற இடத்தில் எவருடைய பெயரையும் எழுத இயலும். ஆனால் அஞ்சலகம் இடும் முத்திரை, கடிதம் எவ்வூரில் புறப்பட்டது என்பதைக் காட்டிவிடும். மின்னஞ்சலில் அத்தகைய முத்திரை தொடக்கத்தில் இல்லை. மேலும் மின்னஞ்சலுக்கு இரண்டு அனுப்புநர் முகவரிகள் உண்டு. ஒன்று வழங்கிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் உறை முகவரி. மற்றொன்று பயனரின் திரையில் தோன்றும் தலைப்பு முகவரி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முறைகள்

எஸ்.பி.எஃப்: சிங்கப்பூரைச் சேர்ந்த மெங் வெங் வோங் 2003 ஆம் ஆண்டளவில் இதனை முன்னெடுத்தார். 2006 இல் சோதனை நிலையிலும் 2014 இல் சீர்தர நிலையிலும் ஆர்.எஃப்.சி ஆவணங்கள் வெளியாயின. தன் பெயரில் மடல் அனுப்ப உரிமை பெற்ற வழங்கிகளின் பட்டியலை ஆள்கள உரிமையாளர் ஆள்களப் பெயர் முறைமையில் (டி.என்.எஸ்) வெளியிடுகிறார். பெறும் வழங்கி அப்பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இது உறை முகவரியை மட்டுமே சோதிக்கிறது. ஒருவர் தமக்கு வந்த மடல்களை வேறொரு முகவரிக்குத் தானாகச் செல்லுமாறு அமைத்திருந்தால், இடையிலுள்ள வழங்கி பட்டியலில் இராது என்பதால் இச்சோதனை தோல்வியுறலாம்.

டி.கே.ஐ.எம்: யாஹூ, சிஸ்கோ நிறுவனங்களின் இரு முறைகளை இணைத்து உருவாக்கப்பட்ட இது 2007 இல் வெளியானது. அனுப்பும் வழங்கி, தன்னிடமுள்ள தனிச்சாவியைக் கொண்டு மடலில் எண்ணிமக் கையொப்பம் இடுகிறது. அதற்கு இணையான பொதுச்சாவி டி.என்.எஸ்-இல் வைக்கப்படும். வழியில் மடலின் உடற்பகுதி மாற்றப்பட்டால் கையொப்பம் பொருந்தாது.

டிமார்க்: 2012 இல் அறிவிக்கப்பட்டு, 2015 இல் ஆர்.எஃப்.சி 7489 ஆக வெளியானது. முன்னைய இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும் என்பதோடு, தேறிய ஆள்களம் பயனர் காணும் தலைப்பு முகவரியின் ஆள்களத்துடன் பொருந்தவும் வேண்டும். பொருந்தாத மடலை வழக்கம்போல் கையாள்வதா, எரிதப் பெட்டியில் இடுவதா, முற்றாக மறுப்பதா என உரிமையாளர் அறிவிக்கலாம். தன் பெயரில் எங்கிருந்து மடல்கள் செல்கின்றன என்பது பற்றிய அறிக்கைகளையும் அவர் பெறலாம்.

எடுத்துக்காட்டு

சிற்றூர்ப் பள்ளி ஒன்று தன் சொந்த ஆள்களத்தில் மின்னஞ்சல் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஆசிரியர்களின் மடல்கள் ஒரு சேவை வழியாகவும், தேர்வுக் கட்டண அறிவிப்புகள் மொத்தமாக மடல் அனுப்பும் வேறொரு சேவை வழியாகவும் செல்கின்றன. முதற் சேவைக்கு மட்டும் பதிவுகளைச் செய்துவிட்டு, டிமார்க்கில் மறுப்புக் கொள்கையை அறிவித்தால் கட்டண அறிவிப்பு பெற்றோரைச் சென்றடையாது. கடைசி நாள் கடந்த பின்னரே தவறு தெரியவரலாம். ஆகவே முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, அறிக்கைகளைப் பார்த்து, எல்லாச் சேவைகளையும் சேர்த்த பின்னரே கொள்கையைக் கடுமையாக்குவது முறையாகும்.

மடலாடற்குழுக்கள்

மடலாடற்குழுக்கள் பெரும்பாலும் மடலின் தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்க்கின்றன. இதனால் கையொப்பம் முறிகிறது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் ஆள்களத்துக்கு மறுப்புக் கொள்கையை அறிவித்தபோது, யாஹூ பயனர்கள் குழுக்களுக்கு எழுதிய மடல்களைப் பிற வழங்கிகள் ஏற்க மறுத்தன. தமிழ்.நெட் தொடங்கி மடலாடற்குழுக்கள் வழியே வளர்ந்த தமிழ் இணைய உலகினர்க்கும் இது அறியத்தக்க சிக்கலாகும். இதற்குத் தீர்வாகப் பல குழுமென்பொருள்கள், அனுப்புநர் முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றும் வழக்கத்தை மேற்கொண்டன.

எரிதப் பெட்டியைத் தவிர்த்தல்

2024 பெப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் மூன்று முறைகளையும் அமைத்திருக்க வேண்டும் எனக் கூகுள் விதித்தது. விளம்பர மடல்களிலிருந்து ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் தேவை. எரிதம் எனப் பயனர்கள் குறிக்கும் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டாதிருக்க வேண்டும். யாஹூவும் இதையொத்த விதிகளைக் கொண்டுவந்தது. உறுதிப்பாட்டில் தேறிய மடலும், பெறுநர்கள் விரும்பாததாயின் எரிதப் பெட்டிக்குச் செல்லலாம்.

இந்தியாவில்

அனுப்பிய இடத்தைப் பற்றிப் பெறுநரை ஏமாற்றும் மின்னஞ்சல்களைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு குற்றமாக்கியிருந்தது. கருத்துரிமைக்கு முரணானது என்று அப்பிரிவு முழுவதையும் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை அளிக்கும் 66டி பிரிவு நடைமுறையில் உள்ளது.

தமிழ் முதலிய மொழிகளின் எழுத்துகளில் மின்னஞ்சல் முகவரி அமைப்பதற்கான நெறிமுறைகள் 2012 இல் வெளியாயின. அத்தகைய முகவரிகளுக்கு உறுதிப்பாட்டு முறைகளைப் பயன்படுத்தும் விதத்தை ஆர்.எஃப்.சி 8616 (2019) விளக்குகிறது.

வரம்புகள்

ஒரு வங்கியின் பெயரைப் போன்றே தோன்றும் வேறோர் ஆள்களத்தை மோசடிக்காரர் பதிவு செய்து, மூன்று முறைகளையும் பிழையின்றி அமைத்தால் அவரது மடல் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். இத்தகைய ஏமாற்றைக் குறைக்கும் பொருட்டு, வங்கிகள் மட்டுமே பெறக்கூடிய 'பேங்க்.இன்' ஆள்களத்துக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறுமாறு இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. அதன் பதிவுப் பொறுப்பு ஐதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முத்திரை உண்மையானதாயினும் ஊர்ப் பெயரைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு பெறுநருக்கு உரியதாகவே உள்ளது.