அரிப்பும் கணனியும்: எல்லை நிபந்தனை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உலோக அரிப்பு பற்றிய ஆய்வின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வளர்ச்சி வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கையாற் செய்த கணக்கைக் கணனி ஏற்றது, அறிவு முன்னேறியது என்பதே அதன் சாரம். இவ்விளக்கம் பிழையன்று, ஆயின் போதியதுமன்று. கணக்கினுள் எவை சேர்க்கப்பட்டன, எவை புறத்தே விடப்பட்டன என்னும் வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும்.

1824ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொள்ளலாம். பிரித்தானியக் கடற்படையின் மரக்கலங்கள், மரத்தைத் துளைக்கும் கடலுயிர்களினின்றும் காக்கப்படும்பொருட்டுச் செப்புத் தகடு போர்த்தப்பட்டிருந்தன. கடல்நீரில் அத்தகடு தேய்ந்தமை பெருஞ் செலவை விளைத்தது. ஹம்பிறி டேவி நாகத்தையோ இரும்பையோ செப்போடு இணைத்தார்; அவை தாம் கரைந்து செப்பைக் காத்தன. இன்று கதோட்டுப் பாதுகாப்பு எனப்படுவது இதுவே. மின்னிரசாயன நோக்கில் டேவியின் முடிவு சரியானது. ஆனால், காக்கப்பட்ட செப்பின்மீது கடற்பாசியும் ஓடுடைய சிற்றுயிர்களும் படர்ந்து கலங்களின் வேகத்தைக் குறைத்தன. கரையும் செப்பின் நச்சுத்தன்மையே அதுவரை அவற்றை விலக்கி வைத்திருந்தது. 1825இல் கடற்படை நிருவாகம் அம்முறையைக் கைவிட்டது. அரிப்பைத் தீங்காக மட்டுமே கொண்ட கணக்கில், அது ஆற்றிய பணிக்கு இடமிருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறை அளவுமுறை சார்ந்த அறிவாயிற்று. கேம்பிரிட்ஜில் ஈவான்சும் ஹோரும் 1932இல் அரிப்பின் வேகத்தை மின்னோட்டத்தோடு இணைத்துக் காட்டினர். பெல்ஜிய அறிஞர் மார்செல் பூர்பேயின் வரைபடத் தொகுதி 1963இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. ஓர் உலோகம் எந்நிலையில் கரையும், எந்நிலையில் காப்புப் படலம் பெறும் என்பதை அது காட்டியது. எவ்வளவு விரைவில், எவ்விடத்தில் என்பதை அது கூறவில்லை.

‘எவ்விடத்தில்’ என்னும் இவ்வினா உயிர்களோடு தொடர்புடையது. 1928இல் கட்டப்பட்ட, ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ ஆற்றுச் சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15இல் வீழ்ந்து 46 பேர் மாண்டனர். தாங்கு சட்டமொன்றில், கண்ணாற் பார்த்துச் சோதிக்கவியலாத இடத்தில் வளர்ந்த சிறு வெடிப்பே காரணம். தகைப்பும் அரிப்பும் கூடி அத்தகைய உருக்கைப் பிளக்கக்கூடும் என்பது பாலம் வடிவமைக்கப்பட்ட காலத்து அறிவினுள் இருக்கவில்லை.

இடஞ்சார்ந்த அரிப்பைக் கணக்கிடும் முயற்சிகளுள் ஆர்ஜென்ரீன அறிஞர் கல்வேலே 1976இல் வெளியிட்ட மாதிரியுரு முதன்மையானது. குழியினுள் உலோக அயன்கள் நீரோடு தாக்கமுற்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் வெளியேறும் வேகத்திலும் உண்டாகும் வேகம் மிகுமாயின் குழி வளரும்.

கடலில் நிற்கும் உருக்கு மேடைகளுக்கோ வேறொரு கணக்கு வேண்டியதாயிற்று. வட கடல் எண்ணெய் அகழ்வு அத்தேவையை வலுப்படுத்தியது. கடல்நீரில் மின்னழுத்தம் இலப்பிளாசின் சமன்பாட்டுக்கு அமைகின்றது. அக்காலத்தில் வளர்ந்த எல்லை மூலக முறையில், நீர்த்திணிவு முழுவதையும் கூறுபடுத்தாது மேற்பரப்பை மட்டும் கூறுபடுத்தினாற் போதும். சிக்கலான மேடையும் கணனிக்கு இயல்வதாயிற்று. ஆயினும் எல்லையில் இடவேண்டிய மின்னோட்ட–அழுத்தத் தொடர்பைச் சமன்பாடு தருவதில்லை. அதனை அளந்தே பெறவேண்டும். காக்கப்படும் உருக்கின்மீது சுண்ணப் படிவு சேரச்சேர அத்தொடர்பும் மாறுகின்றது. நேற்றைய அளவை இன்றைய மேற்பரப்புக்கு இட்டால், விடை துல்லியமாகவும் பிழையாகவும் அமையும்.

2001இல் ஏர்ல்பாக்கரும் அவருடன் ஆய்ந்தோரும் வெள்ளி–பொன் கலப்புலோகத்தினின்று வெள்ளி கரைவதைக் கணனியில் அணு அணுவாகப் பின்தொடர்ந்தனர். எஞ்சிய பொன்னணுக்கள் மேற்பரப்பில் நகர்ந்து திரள்வதாலேயே நுண்டுளைகள் தோன்றுகின்றன என்பது தெளிவாயிற்று. முன்பே இருந்த துளைகள் திறக்கப்படவில்லை. அரிப்பே அவற்றை ஆக்கியது. இது கணனியின்றிக் காண்டற்கரிய உண்மை. ஆயின் அக்கணக்கிலும் கரைசல் தனியணுக்களாக இடம்பெறவில்லை.

எந்த மாதிரியுருவும் சிலவற்றை விடாது அமையாது. அதனைக் குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது. விடப்பட்டது யாது, அதனால் விளையும் இழப்பை யார் சுமப்பர் என்பதை வெளிப்படக் கூறாமையே குறையாகும். டேவியின் காலத்தில் அவ்விழப்பு கலங்களின் வேகம். ஒகாயோ ஆற்றில் அது மனித உயிர். கணிப்பின் வேகம் பெருகியுள்ள இன்று, அளவீடும் களச்சோதனையும் முன்னையிலும் இன்றியமையாதன என்பதே இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் முடிவாகும்.